மேனேஜர் எங்கள் வீட்டில் இருக்கிறார்

எங்கள் வீட்டில் இரண்டு குளியலறைகள். ஒன்றில் மனிதர்கள் குளிக்கலாம். மற்றதில் கடல் மீன்கள் குடியிருக்கின்றன. கல்யாணமாகி முப்பத்தோரு வருடத்தில் என் மனைவியிடம் நான் தோற்ற சண்டைகளைப் பட்டியல் போட்டால் அந்தக் குளியலறைதான் முதலில் வரும்.

ஊரில் அவளுக்குத் தொட்டிக்காரம்மா என்று பெயர். துணிக்கடை, வக்கீல் அலுவலகம், பல் மருத்துவமனை என்று பதினோரு இடங்களில் கடல்நீர்த் தொட்டிகளைப் பார்த்துக்கொள்கிறாள். ஒரு காலத்தில் அந்தப் பல் மருத்துவமனையில் வரவேற்பில் உட்கார்ந்து டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தவள் அவள். தொட்டியைப் பார்த்துவந்த ஆள் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டான். மீன்கள் சாகட்டும் என்று விட்டிருந்தால் இன்று எனக்கு முதுகுவலி இருந்திருக்காது. அவள் விடவில்லை. புத்தகம் வாங்கிப் படித்தாள், கை வைத்தாள், ஒன்றிரண்டைக் கொன்றாள், கற்றுக்கொண்டாள். நாற்பது வயதுக்கு மேல் பிடித்த தொழில் இது.

நான் இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். ஓய்வு என்பது வேலைக்கு வைத்திருந்தவர்கள் சொன்ன வார்த்தை. இப்போது அவளுடைய வேனை ஓட்டுகிறேன், இருபது லிட்டர் கேன்களைத் தூக்குகிறேன், வாளி பிடிக்கிறேன். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். எங்கள் வீட்டில் நினைக்கவே வேண்டாம். நாற்காலிக் கால், சுவிட்ச் போர்டு, என் செருப்பு எல்லாவற்றிலும் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது உலக வழக்கம். எங்கள் வீட்டில் விருந்தும் மருந்தும் சேர்ந்து முப்பது நாள். புதிதாக வாங்கிய மீன் எதுவானாலும் முப்பது நாள் அந்தக் குளியலறைத் தொட்டியில் தனியாக இருந்து, நோய் இல்லை என்று தெரிந்த பிறகுதான் வெளியே போகும். அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை. ஏற்கெனவே கூட்டமாக வாழும் மீன்களுக்கு நடுவே புதியதை விடுவது இருக்கிறதே, அது ரிசர்வ் செய்த பெட்டியில் டிக்கெட் இல்லாமல் ஏறுவது போல. பழைய மீன்களுக்கு ஒவ்வொரு பாறையும் பட்டா போட்ட நிலம். புதியது எங்கே ஒதுங்கினாலும் விரட்டும்.

அதற்கு என் மனைவியிடம் ஒரு வழி உண்டு. புதியதை விடுவதற்கு முன் தொட்டியில் உள்ள பாறைகளை எல்லாம் கலைத்து வேறு மாதிரி அடுக்கிவிடுவாள்.

"வீட்டையே மாத்திட்டா யாரு பழசு, யாரு புதுசுன்னு அதுங்களுக்கே தெரியாதுங்க" என்பாள்.

அப்படியும் அடங்காத ரவுடி ஒன்று இருந்தால், அதை மட்டும் பிடித்துப் பத்து நாள் வேறு தொட்டியில் வைப்பாள். மற்றவை பழகிய பிறகு அதைக் கடைசியாக உள்ளே விடுவாள். அப்போது அதுதான் புதுசு. வாலைச் சுருட்டிக்கொண்டு இருக்கும்.

ரவுடியை வெளியே எடுக்கும் இந்த வழி இதுவரை எங்கும் தப்பியதில்லை. டயாலிசிஸ் சென்டரில் தப்பியது. மீன் விஷயத்தில் அங்கேயும் தப்பவில்லை.

சிறுநீரகம் நின்றுபோனவர்களின் ரத்தத்தை இயந்திரத்தில் ஓடவிட்டுச் சுத்தம் செய்யும் இடம் அது. முதல் மாடியில் நீளமான அறை. ஏழு சாய்வு நாற்காலிகள். திங்கள், புதன், வெள்ளி காலைகளில் அதே ஏழு பேர், அதே நாற்காலிகள். கையில் இரண்டு ஊசிகளோடு நான்கு மணி நேரம் அசையாமல் கிடக்க வேண்டும். எதிர்ச் சுவரில் ஆறடி நீளத்தில் எங்கள் தொட்டி. அவர்களுக்குத் தண்ணீர் அளந்துதான். உப்பு கிட்டத்தட்ட இல்லவே இல்லை.

"எங்களுக்கு என்ன ரெண்டு ஆகாதோ அதையே கலந்து கண்ணு முன்னாடி வச்சிருக்கீங்க" என்று என் மனைவியைச் சீண்டுவார் மூன்றாம் நாற்காலி அக்கா.

அவர்களுடைய இயந்திரங்களுக்குச் சுத்திகரித்த நீர் வரும் குழாயிலிருந்துதான் என் மனைவியும் நீர் பிடித்து உப்பு கரைப்பாள். ஆக அந்த அறையில் மனிதர்களுக்கும் மீன்களுக்கும் ஒரே குழாய்த் தண்ணீர்.

மூன்றாம் நாற்காலி அக்கா அறுபதைத் தாண்டியவர். ஆயத்த ஆடைக் கம்பெனியில் தையல் வேலை பார்த்தவர். இரண்டாவது மாடியில் ஒற்றை ஆளாக வாடகைக்கு இருந்தார். தொட்டியில் இருந்த மஞ்சள் சர்ஜன் மீனுக்குப் பெயர் வைத்தது அவர்தான். தட்டையாக, உள்ளங்கை அகலத்தில், வாலடியில் சிறு கத்தி போன்ற முள்ளோடு இருக்கும் மீன் அது.

"ஒரு வேலையும் செய்யாம, மத்தவங்க செய்ற வேலையைச் சுத்திச் சுத்தி வந்து பாக்குறாரு. எங்க கம்பெனி மேனேஜரேதான்" என்றார்.

அன்றிலிருந்து அது மேனேஜர். அறையில் எல்லோரும் மரியாதையாக 'அவர்' என்றுதான் சொல்வார்கள். அக்கா அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்த அதே வாரம்தான் மேனேஜரையும் தொட்டியில் விட்டிருந்தோம். "நாங்க ரெண்டு பேரும் ஒரே பேட்ச்" என்று புது நர்ஸ்களிடம் சொல்லுவார். ஏழு வருடம் ஆகியிருந்தது.

மேனேஜருக்கு ஒரு கெட்ட குணம் இருந்தது. வெளியாளைப் பொறுக்க மாட்டார். முந்தைய வருடம் என் மனைவி இரண்டு வண்ணத்துப்பூச்சி மீன்களை விட்டாள். பாறைகளை மாற்றித்தான் விட்டாள். மூன்றாம் நாள், ஒரு புதன்கிழமை காலையில், மேனேஜர் அவற்றை மூலைக்கு ஓட்டி, வாலால் வெட்டி, விடாமல் வெட்டி, ஏழு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டையும் முடித்துவிட்டார். யாராலும் எழுந்து போக முடியாது, கையில் ஊசி. நான்காம் நாற்காலி லாரி மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டாராம்.

நர்ஸ்களுக்குத் தலைவியான பெரிய சிஸ்டர் என் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"இங்க இருக்கிறவங்க இதைப் பாக்கக் கூடாதும்மா. இனிமே எடுக்கிறதோ விடுறதோ, ஞாயித்துக்கிழமை யாரும் இல்லாதப்ப வந்து பண்ணுங்க. இன்னொண்ணு இவங்க கண்ணு முன்னாடி செத்துச்சுன்னா தொட்டியையே தூக்கிடுவேன்."

அதிலிருந்து மீன் எடுப்பதும் விடுவதும் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை. பிறகு ஒன்றிரண்டு மீன்கள் வயதாகிப் போனபோதும் ஞாயிற்றுக்கிழமைகளில் சத்தமில்லாமல் எடுத்தோம். திங்கட்கிழமை வருகிறவர்கள் ஒன்று குறைவதைப் பார்த்தார்கள். கேட்கவில்லை.

அவர்கள் கேட்காததற்குக் காரணம் உண்டு என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. அந்த அறையில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு நாற்காலி காலியாக இருந்தால் அதைப் பற்றி யாரும் யாரிடமும் கேட்கக் கூடாது. யாரும் சட்டம் போடவில்லை. கேட்டு, பதில் கிடைத்து, பட்டுத் தெரிந்துகொண்டது. நர்ஸ்களும் வாய் திறக்க மாட்டார்கள். சில நாள் கழித்து அந்த நாற்காலியில் வேறு ஆள் உட்காருவார். வணக்கம் சொல்லிக்கொள்வார்கள்.

தொட்டியில் கடைசியில் மேனேஜரும், கோமாளி மீன் ஜோடியும், மணலை வாயில் அள்ளித் துப்பும் ஒரு பொடியனும்தான் மிச்சம். ஆறடித் தொட்டிக்கு நாலு மீன் என்பது கல்யாண மண்டபத்தில் நாலு பேர் உட்கார்ந்திருப்பது மாதிரி. புது மீன் விடலாம் என்று சென்டர் டாக்டரே சொன்னார். நீலமும் பச்சையும் கலந்த நான்கு குட்டி மீன்களும் பழுப்பு நிறச் சர்ஜன் ஒன்றும் எங்கள் குளியலறையில் முப்பது நாள் இருந்தன.

"பழுப்பா? மேனேஜருக்குப் பங்காளி ஆச்சே. அடுத்த சாதிக்காரன்னாகூட விட்டுருவாரு, பங்காளியை விட மாட்டாரே" என்றேன்.

"அதனாலதான் இந்தத் தடவை அவரையே வெளியில எடுக்கப் போறேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வாட்ச்மேன் கதவைத் திறந்துவிட்டார். மூன்று மணி நேரம். மேனேஜரை வலையில் பிடித்து வாளிக்கு மாற்றினோம். பாறைகளைக் கலைத்து அடுக்கினோம். புதியவற்றின் பைகளில் தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பழக்கி, விளக்கை அணைத்து, உள்ளே விட்டோம். வீட்டில் மேனேஜர் வாடகையில்லாமல் குளியலறைக்குக் குடிவந்தார். அவள் திருப்தியாக இருந்தாள். மீன்களுக்கு என்னவெல்லாம் தேவை என்று யோசித்து யோசித்துச் செய்தவள், அந்த அறையில் யாருக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. நானும்தான் நினைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை தண்ணீர் பரிசோதிக்கப் போனோம். புதியவை நன்றாக இருந்தன. பழுப்புப் பங்காளி ஒரு பொந்தைப் பிடித்துச் செட்டில் ஆகியிருந்தான். என் மனைவி சிரித்த முகத்தோடு திரும்பினாள். மூன்றாம் நாற்காலி காலியாக இருந்தது.

"தையல்கார அக்கா எங்க?" என்று கேட்டாள்.

ஒரு நர்ஸ் குனிந்து ஏதோ எழுதினாள். கடைசியில் மெக்கானிக்தான் பேசினார்.

"இங்க அப்படிக் கேக்க மாட்டோம்மா."

"ஏன்?"

"கேட்டு என்ன ஆகப்போகுது. உங்க மேனேஜரும்தான் போயிட்டாரு. திங்கக்கிழமை வந்து பாத்தோம். நாங்க யாராவது கேட்டோமா?"

"யாரு போயிட்டா?" என்றாள் என் மனைவி. "அவரு எங்க வீட்டுக் குளியலறையில இருக்காரு. காலையிலதான் சாப்பிட்டாரு."

ஆறு பேரும் அவளையே பார்த்தார்கள். ஏழாம் நாற்காலிப் பெரியவர் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். மெக்கானிக் மட்டும் பாதியில் நிறுத்தினார்.

"அப்ப அக்காவுக்கு யாரு சொல்றது? திங்கக்கிழமை அவங்க தொட்டியைப் பாத்துட்டு ஒண்ணுமே பேசல. புதன்கிழமை அந்தப் பக்கமே திரும்பல. ஒரே பேட்ச்னு சொல்லிக்கிட்டிருந்தவங்க."

என் மனைவி கையிலிருந்த பரிசோதனைக் குப்பியைக் கீழே வைத்தாள். அவளை எனக்குத் தெரியும். தப்பு அவளுடையது என்று தெரிந்துவிட்டால் சமாதானம் சொல்ல மாட்டாள். நேராகப் பெரிய சிஸ்டரிடம் போனாள். அக்காவுக்கு நர்ஸ்கள் போன் செய்திருந்தார்கள். இன்றைக்கு முடியவில்லை, திங்கட்கிழமை பார்க்கலாம் என்றிருக்கிறார்.

"திங்கக்கிழமை வருவாங்களா சிஸ்டர்?"

"வரணும்" என்றார் பெரிய சிஸ்டர். "ஒரு தடவை விட்டாலே உடம்புல தண்ணி ஏறிடும். அடுத்ததும் விட்டா மூச்சு முட்டும். அதுக்கு மேல விட்டா நாம போய்ப் பாக்கிறதுக்கு ஒண்ணும் இருக்காது."

அக்காவின் முகவரியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வேனில் ஏறியதும், போனில் சொல்லிவிடலாமே என்றேன்.

"சொன்னா நம்புவாங்களா? ஆறுதலுக்குச் சொல்றேன்னு நினைப்பாங்க. வீட்டுக்கு விடுங்க. மேனேஜரை எடுத்துக்கிட்டுப் போவோம்."

புது இடத்தில் மீன் நிம்மதியாக இருக்க வேண்டும், கதவைக்கூடப் படீரென்று சாத்தாதீர்கள் என்று ஐந்து நாளாக என்னைக் குளியலறைப் பக்கமே விடாதவள் அவள். அதைச் சொல்லிக் காட்டலாம் என்று வாய் வரை வந்தது. அவள் அதற்குள் பின்னால் திரும்பி மூடியுள்ள வாளியைத் தேட ஆரம்பித்திருந்தாள். வண்டியை வேகமாக விட்டேன். இருபத்தாறு வருடத்தில் பயணிகளோடு அப்படி ஓட்டியதில்லை.

மூடி போட்ட வாளி, பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு, மேலே ஒரு துண்டு. இரண்டு மாடி ஏறினோம். அக்கா கதவைத் திறக்க நேரம் ஆயிற்று. முகம் உப்பியிருந்தது. பாதங்கள் செருப்புக்குள் போகாத அளவுக்கு வீங்கியிருந்தன. எங்களைப் பார்த்து ஆச்சரியப்படக்கூட அவருக்குத் தெம்பில்லை. என் மனைவி எதுவும் சொல்லாமல் வாளியைத் தரையில் வைத்து மூடியைத் திறந்தாள்.

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். உள்ளே மேனேஜர் வாளியை ஒரு சுற்று வந்தார், மறு சுற்று வந்தார், வாளியின் தரம் பிடிக்காதவர் போல நின்றார்.

"இவரா?" என்றார் அக்கா.

"இவருதான்க்கா. வால்ல அந்தப் பழைய தழும்பு பாருங்க. புதுசுங்களை அடிச்சுருவாருன்னு நான்தான் எடுத்துட்டுப் போனேன். சொல்லாம போனது என் தப்பு. மன்னிச்சுக்கோங்க."

அக்கா கட்டிலில் உட்கார்ந்தார்.

"மீனுக்காக நான் வராம இருந்தேன்னு நினைக்காதேம்மா. அவ்வளவு பைத்தியம் இல்ல நான். திங்கக்கிழமை பாத்தப்ப, சரி, இவரு போயிட்டாரு, அடுத்தது நான்தான்னு தோணுச்சு. தோணினதும் ஒரு சோம்பல் வந்துடுச்சு. காலையில எழுந்து, படி இறங்கி, ஊசி குத்திக்கிட்டு. எதுக்குன்னு ஒரு சோம்பல்."

என் மனைவி அழுதாள். அக்கா அழவில்லை. வாளிப் பக்கம் கையைக் காட்டிக் கேட்டார்.

"இவரை இப்ப எங்க கொண்டு போறீங்க?"

"வீட்டுக்கு. அடுத்த புதன்கிழமை தொட்டியில விடுவேன். நீங்க பாக்கணும். அதுக்கு நீங்க இப்ப எங்ககூட வரணும். மதிய ஷிப்ட்ல சிஸ்டர் இடம் வச்சிருக்காங்க."

இடம் வைத்திருப்பதாகப் பெரிய சிஸ்டர் சொல்லவில்லை. அது பச்சைப் பொய். வேனில் போகும்போதே போன் செய்து அதை உண்மையாக்கினாள். அக்கா முன் இருக்கையில் வாளியை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். ஒரு வேகத்தடையில் நீர் தளும்பி அவர் புடவையில் தெளித்தது.

"பாத்து ஓட்டுங்க தம்பி. உப்புத் தண்ணி எனக்கு ஆகாது" என்றார்.

அன்று மதியம், அக்காவின் கையில் ஊசி ஏற்றிய பிறகு, என் மனைவி ஒரு வெள்ளைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதித் தொட்டிக் கண்ணாடியில் ஒட்டினாள்:

மேனேஜர் எங்கள் வீட்டில் இருக்கிறார். நன்றாகச் சாப்பிடுகிறார். புதன்கிழமை வருவார்.

சொன்னபடியே புதன்கிழமை அவர் வந்தார். இந்த முறை ஏழு பேர் பார்க்க, காலை பத்து மணிக்கு. பெரிய சிஸ்டர் தடுக்கவில்லை. ஓட்டைகள் போட்ட கண்ணாடிப் பெட்டி ஒன்றில் அவரை விட்டு, அதைத் தொட்டிக்குள் தொங்கவிட்டோம். பார்க்கலாம், அடிக்க முடியாது. பழுப்புப் பங்காளி வந்து முறைத்தான். மேனேஜரும் முறைத்தார். வெள்ளிக்கிழமை முறைப்பு அலுத்துப்போயிருந்தது. பெட்டியைத் திறந்தோம். மேனேஜர் தம் பழைய பொந்தைத் தேடினார். அந்த இடத்தில் பாறையே இல்லை. பங்காளியை ஒரே ஒரு தடவை துரத்தினார், பாதியில் எங்கே போகிறோம் என்று மறந்தவர் போல நின்றார். பிறகு மூன்றாம் நாற்காலிக்கு நேர் எதிரே ஒரு இடுக்கைத் தேர்ந்தெடுத்தார்.

"அக்காவைப் பாத்தவுடனே ஆபீஸை இங்க மாத்திட்டாரு" என்றார் மெக்கானிக்.

தாளை எடுக்க என் மனைவி மறந்துவிட்டாள். ஒரு மாதம் கழித்துப் போனபோது அதன் கீழே இன்னொரு தாள் இருந்தது. நூல் பிடித்தது போல நேரான எழுத்து, அக்காவுடையது: ஆறாம் நாற்காலித் தம்பி பெரிய மருத்துவமனையில் இருக்கிறார். காய்ச்சல். வெள்ளிக்கிழமை வருவார். அந்தத் தம்பியின் வீட்டுக்குப் போன் செய்து, கேட்டு, அவர்கள் சம்மதத்தோடு எழுதியது. பெரிய சிஸ்டர் கிழிக்க வந்து, படித்துவிட்டுப் போய்விட்டாராம். மறுநாள் மேசையில் ஒரு தடித்த பேனா கிடந்ததாம். எல்லாத் தாளும் நல்ல செய்தி சொல்லவில்லை. மழைக்காலத்தில் ஏழாம் நாற்காலிப் பெரியவருக்கு ஒரு தாள் ஒட்டினார்கள். அதில் வருவார் என்ற சொல் இல்லை. அன்று அவரைப் பற்றி நான்கு மணி நேரமும் பேசினார்களாம்.

அடுத்த வருடம் என் மனைவிக்குப் பித்தப்பையில் கல் என்று அறுவைச் சிகிச்சை நடந்தது. சாதாரண ஆபரேஷன் என்றார்கள். பிறகு காய்ச்சல் இறங்கவில்லை. எப்போது வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று கேட்டால் டாக்டர்கள் கூரையைப் பார்த்தார்கள். நான் யாரிடமும் சொல்லவில்லை. யாரிடம் சொல்வது என்றும் தெரியவில்லை. தண்ணீர் மாற்ற ஒரு நாள் தாமதமாகும் என்று மட்டும் பெரிய சிஸ்டருக்குப் போன் செய்தேன். அவர் காரணம் கேட்டார், சொன்னேன்.

வெள்ளிக்கிழமை தனியாக வாளியோடு படியேறினேன். அறைக்குள் நுழைந்ததும் ஏழு தலைகள் திரும்பின.

"சாப்பிடுறாங்களா?" என்றார் மெக்கானிக்.

"கஞ்சி இறங்குது" என்றேன்.

தொட்டிக் கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. தொட்டிக்காரம்மா மருத்துவமனையில் இருக்கிறார். கஞ்சி குடிக்கிறார். ______ கிழமை வருவார். அதைப் படித்தேன். மீண்டும் படித்தேன். மூன்று நாளாக அடக்கி வைத்திருந்தது அங்கேதான் உடைந்தது. வாளியைக் கீழே வைத்துவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன்.

மூன்றாம் நாற்காலி அக்கா ஊசி இல்லாத கையால் பேனாவை நீட்டினார்.

"கிழமையை விட்டு வச்சிருக்கேன். நீங்க எழுதுங்க தம்பி."

"டாக்டர் இன்னும் நாள் சொல்லலக்கா."

"எனக்கு எட்டு வருஷமா யாரும் சொல்லல. எழுதுங்க."

புதன் என்று எழுதினேன். எழுத்து கோணியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேனேஜர் வந்து, தாளின் முதுகைப் பார்வையிட்டுவிட்டுப் போனார்.

புதன்கிழமை அவளால் வர முடியவில்லை. அதற்கடுத்த வெள்ளிக்கிழமை, என் கையைப் பிடித்துக்கொண்டு, படிக்கு ஒரு தடவை நின்று நின்று ஏறி வந்தாள். யாரோ புதனை அடித்துவிட்டு வெள்ளி என்று எழுதி வைத்திருந்தார்கள்.